இல்லமும் நலமும்: மாமியின் ஆவாரம்பூக் குடிநீர்



சென்ற திங்கள் வந்த மடல்களுள் ஒன்றினைப் படித்து முடித்த பின்னும் கீழே வைக்க மனம் வரவில்லை. எழுதிய சகோதரி தம் பெயரும் ஊரும் வெளிவர வேண்டாமெனக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகின்றார். வீட்டில் இச்சகோதரியும், பிள்ளைகள் இருவரும், மாமியும் வாழ்ந்து வருகின்றனர். மாமிக்கு ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை வேளை தவறாது உண்டு வந்தவர், கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைப் படித்த நாள்தொட்டு அவற்றை நிறுத்திவிட்டார். காலையிலும் இரவிலும் ஆவாரம்பூக் குடிநீர் பருகினால் நாற்பதே நாள்களில் சர்க்கரை நோய் வேரோடு அகன்றுவிடும் என்பது அச்செய்தி.

இரண்டு திங்கள் கடந்துவிட்டன. “மாமி இரவில் நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறார்கள். பாதம் எரிகிறதென்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுக்கிறார்கள். நான் வாய் திறந்தால், மருமகள் எனக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று ஆகிவிடும். மாமி உங்கள் பகுதியை ஒரு வரி விடாமல் படிப்பவர்கள். நீங்கள் எழுதினால் கேட்பார்கள்” என்று முடிக்கின்றார் அச்சகோதரி.

ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அந்த மாமிக்கும், அவரைப் போன்ற நம் இல்லத்துப் பெரியவர்களுக்கும் உரியதாக அமைத்துள்ளேன். மாமி அவர்களே, தாங்கள் அஞ்ச வேண்டாம். தங்கள் குவளையைத் தட்டிப் பறிக்க நான் வரவில்லை. அந்தக் குவளையின் பெருமையையே முதலில் பேசப்போகின்றேன்.

பருகும் மரபு நம்முடையது

மூலிகைத் தேநீர் என்று இக்காலத்தில் வண்ணப் பெட்டிகளில் அடைத்து விற்கின்றார்களே, அவற்றுள் பலவற்றில் தேயிலை கிடையாது. தேயிலைச் செடியின் இலையிலிருந்து வருவது மட்டுமே தேநீர். ஏனையவற்றை நம் முன்னோர் குடிநீர் என்றும் கஷாயம் என்றும் சுக்குக் காப்பி என்றும் அழைத்தனர். பெட்டி புதிது, பண்டம் நம் அஞ்சறைப் பெட்டியில் இருந்ததுதான்.

திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனம், சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று அறிவிக்கின்றது. அங்கே வரும் அரபுச் சொல் ஸன்ஜபீல். இச்சொல் பல மொழிகளின் வழியே கடந்து அரபை அடைந்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்ற மொழியறிஞர் பலர் நம் ‘இஞ்சி வேர்’ என்னும் தமிழ்ச் சொற்களிலே வந்து நிற்கின்றனர். மரக்கலங்களில் மிளகும் ஏலமும் சுக்கும் ஏற்றிச் சென்ற கடற்கரையின் மக்கள் நாம். நம் அடுப்படிக்கும் அரபு நாட்டுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று.

யூனானி மருத்துவத்தில் இப்பானங்களை இருவகையாகப் பிரிப்பார்கள். கொதிக்க வைத்து எடுப்பது ஜோஷாந்தா. ஊற வைத்து எடுப்பது கிஸாந்தா. சித்த மருத்துவமும் இதே பிரிவினையைக் கஷாயம் என்றும் ஊறல் குடிநீர் என்றும் சொல்லும். இரு மரபுகளும் ஒத்துரைக்கும் இவ்விதி அறிவுக்குப் பொருத்தமானது. வேர், பட்டை, விதை ஆகியன கடினமானவை. கொதித்தால்தான் சாரம் இறங்கும். பூவும் இலையும் மென்மையானவை. கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். ஆகவே சுக்கையும் மல்லியையும் கொதிக்க விடுங்கள். பூவின்மீது கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள். இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் பாதிக் குடிநீர்கள் தாமாகவே சுவையாக அமைந்துவிடும்.

சுக்கு மல்லிக் காப்பி

நம் இல்லங்களில் முதலிடம் பெறத்தக்கது இது. காப்பி என்று பெயர் இருப்பினும் காப்பிக்கொட்டை இதில் இல்லை. ஆதலால் இரவில் பருகினாலும் உறக்கம் கெடாது. ஒரு சிறு குடும்பத்திற்கு அளவு சொல்கிறேன்: கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், சீரகம் 25 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 10 கிராம்.

சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி நீக்குக. தோலுடன் சேர்த்தல் ஆகாதென்பது சித்த மருத்துவ மரபு. மண்ணும் தூசியும் ஒட்டியிருப்பதும் அத்தோலில்தான். மல்லியையும் சீரகத்தையும் இளஞ்சூட்டில் மணம் எழும்வரை மட்டும் வறுத்துக்கொள்க. யாவற்றையும் தட்டிக் கரகரப்பாக அரைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கவும். ஒரு திங்களுக்கு வேண்டிய அளவே அரைக்க வேண்டும். நாட்பட்டால் மணம் போய் வெறும் தூளாகிவிடும். ஒன்றரைக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டிப் பொடியிட்டு, ஒரு குவளையாகச் சுண்டும் வரை கொதிக்க வைத்து வடிகட்டுக.

இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் காரப் பொருளின் ஒரு பகுதி வேறொரு காரப் பொருளாக மாறுகின்றது. சுக்குக்கு இஞ்சியினும் உறைப்பு மிகுதியாக இருப்பது அதனால்தான். மழைக்காலத்தில் தொண்டை கட்டினாலும், உண்டது செரியாமல் வயிறு கனத்தாலும் இக்குடிநீர் இதம் தரும். இலங்கையிலும் சளி பிடித்தவுடன் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துத் தருவது இல்லந்தோறும் காணும் வழக்கம்.

இதற்குப் பனங்கருப்பட்டி சேர்த்தால் சுவை கூடும் என்பதில் ஐயமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் மணமே தனி. எனினும் ஒன்றை மறவாதீர்கள். கருப்பட்டியும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் நீரிழிவு உள்ளவரின் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ‘இது இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்னும் பேச்சைக் கணையம் அறியாது. மாமி அவர்களே, தங்கள் குடிநீரில் கருப்பட்டி விழுகின்றதா என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

விருந்துக்குப் பின்

திருமண வீட்டில் பிரியாணி உண்ட பின் சுலைமானி தருவது நம்மில் பலரது வழக்கம். அதில் தேயிலை உண்டு. உணவோடு ஒட்டித் தேநீர் பருகினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். எனவே தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நம் பெண்மக்களுக்கு நல்லது.

விருந்து முடிந்தவுடன் சூடாக ஏதேனும் வேண்டுமென்றால் பெருஞ்சீரகமும் ஓமமும் இருக்கின்றன. இரு குவளை நீருக்குப் பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, ஓமம் கால் தேக்கரண்டி, இரண்டு ஏலக்காய் போதும். இலேசாகத் தட்டி ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு மூடி வைத்து வடிகட்டுக. ஓமத்தின் மணத்திற்குக் காரணமான தைமால் என்னும் பொருள் வயிற்றுப் பொருமலைத் தணிக்கும். நோன்பு திறந்து, கஞ்சியும் பலகாரமும் உண்டு, தராவீஹுக்கு நிற்கும் வேளையில் வயிறு கனப்பவர்கள் இதனைப் பருகிப் பார்க்கலாம்.

இனி ஆவாரை

வறண்ட நிலத்திலும் வழியோரத்திலும் நீர் வார்ப்பாரின்றி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் செடி ஆவாரை. நம் சமுதாயத்தின் ஒரு பெருந்தொழிலோடு அதற்கு உறவுண்டு. ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை இன்றியமையாத சரக்காக விளங்கியது. அப்பட்டையின் துவர்ப்புத்தான் பச்சைத்தோலைப் பதப்படுத்திற்று. அதே துவர்ப்பு ஓரளவு பூவிலும் உண்டு என்பதைக் குடிநீரைச் சுவைத்தவர் அறிவர்.

உலர்ந்த பூ ஒரு தேக்கரண்டியை ஒரு குவளையிலிட்டுக் கொதிநீர் ஊற்றி ஏழு நிமிடம் மூடி வைத்தால் பொன்னிறக் குடிநீர் கிடைக்கும். ஏலக்காய் ஒன்று தட்டிப் போடலாம். இலங்கையில் இதே செடியை ரணவரா என்பர். அங்கே இதன் பூவைத் தேநீர் போலப் பருகும் பழக்கம் பரவலாக உண்டு. நாளொன்றுக்கு ஒரு குவளை, இரு குவளை என்னும் அளவில் உடல்நலம் உள்ளவர் பருகுவதில் தவறில்லை. நீரிழிவுக்கு ஆவாரையைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டு வருவதும் உண்மையே. ஆய்வுக்கூடத்து விலங்குகளில் அது சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகளும் வந்துள்ளன. ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையின் இடத்தில் இதனை வைக்கலாம் என்று மனிதரிடத்தே நிறுவப்படவில்லை.

இங்கே நாட்டு மருந்துக் கடைக்குச் செல்வோர் அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. ஆவாரை வேறு, நிலாவாரை வேறு. பெயரில் ஓரெழுத்தும் ஈரெழுத்துமே வேறுபாடு. குணத்தில் மலையளவு வேறுபாடு. நிலாவாரை அரபு மண்ணைத் தாயகமாகக் கொண்ட செடி. யூனானி நூல்கள் கூறும் சனா இதுவே. நம் நெல்லைச் சீமையில் பயிராகித் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றமையால் வணிகர் இதனைத் திருநெல்வேலி சென்னா என்றே அழைக்கின்றனர். இது பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் உட்கொண்டால் பயன் தரும். மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் உடலின் பொட்டாசியச் சத்து குறைந்து, தசை தளர்ந்து, இதயத் துடிப்பும் தடுமாறக் கூடும்.

உடல் மெலியத் தேநீர் என்று விற்கப்படுபவை பலவற்றில் இருப்பது இந்தச் சனாவே. பெட்டியின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்த பின்னரே விலை கேளுங்கள். அது குறைப்பது உடலின் கொழுப்பையன்று, குடலின் நீரை. திருமணத்திற்கு முன் பெண்பிள்ளைக்கு இதனைக் கொடுத்து மெலிய வைக்க எண்ணும் தாய்மார்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சாவுக்கு மருந்து

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரைக் காண இயலாது என்னும் பொருளில் நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. மாமி அவர்களும் அதனைச் சொல்லியிருக்கக் கூடும். இதன் இனத்துச் செடியான சனாவைப் பற்றித் திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய ஹதீஸ் நூல்களில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றுள்ளது. மரணத்திலிருந்து காக்கவல்ல பொருள் ஒன்று இருந்திருப்பின் அது சனாவாக இருந்திருக்கும் என்பது அதன் கருத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழமொழி சாவையே இல்லையென்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லாக வரும் அறிவிப்போ, ‘இருந்திருப்பின்’ என்று எல்லை கட்டுகின்றது. மூலிகையின் சிறப்பைச் சொல்லும் அதே மூச்சில் அதன் வரம்பையும் சொல்லிவிடுகின்றது.

கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர அனைத்து நோய்க்கும் மருந்து என்னும் கருத்திலமைந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதனை விளக்கிய பேரறிஞர்களுள் சிலர், பொதுவாகச் சொல்லப்பட்டிருப்பினும் அதற்குப் பொருந்தும் நோய்களையே அது குறிக்கும் என்று எழுதியுள்ளனர். ஹதீஸை மதித்தவர்களே மருத்துவத்தையும் பேணினர். இப்னு ஸீனா (980–1037) முதலிய மேதைகள் நோய்க்கு நோய், உடலுக்கு உடல் மருந்தைப் பிரித்தறிந்து பெருநூல்கள் இயற்றியது அந்த ஈமானோடுதான்.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் காணச் சென்று, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள் என அபூதாவூத் நூல் தெரிவிக்கின்றது. துஆச் செய்யும் நாயகம் அருகிலிருக்க, பேரீத்தம் பழம் கையிலிருக்க, மருத்துவரிடமும் அனுப்பப்படுகின்றார் ஒரு ஸஹாபி. இறைவன் மீது நம்பிக்கை வைப்பதற்கும் மருத்துவரை நாடுவதற்கும் பகை இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

மாத்திரையும் மூலிகையின் வழிவந்ததே

மாமி அவர்களே, மாத்திரை என்றால் இரசாயனம், பூ என்றால் இயற்கை என்று தாங்கள் கருதியிருக்கலாம். நீரிழிவுக்கு உலகெங்கும் மிகுதியாகத் தரப்படும் மெட்ஃபார்மின் என்னும் மருந்தின் கதையைக் கேளுங்கள். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. நெடுங்காலமாக அந்நாட்டு மக்கள் அதனை மூலிகையாகப் பயன்படுத்தி வந்தனர். அச்செடியிலுள்ள பொருள் சர்க்கரையைக் குறைப்பதைப் பிற்கால அறிஞர் கண்டனர். அது நஞ்சுத்தன்மையும் உடையதாக இருந்தமையால், அதன் இனத்தைச் சேர்ந்த தீங்கு குறைந்த பொருள்களை உருவாக்கி ஆய்ந்தனர். அவ்வழியே வந்தது மெட்ஃபார்மின். 1957இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதனை நீரிழிவு நோயாளிகளுக்குத் தந்து கண்ட பயனை வெளியிட்டார்.

ஆகத் தாங்கள் ஒதுக்கி வைத்த மாத்திரையும் ஒரு மூலிகையின் பேத்திதான். வேறுபாடு அளவில் இருக்கின்றது. மாத்திரை ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் மருந்துண்டு என்பது மருத்துவருக்குத் தெரியும். பூவில் எத்தனை என்பது மண்ணுக்கும் மழைக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும். இன்று பறித்த பூவும் ஓராண்டு கடையில் கிடந்த பூவும் ஒன்றாகா. இரத்தச் சர்க்கரை போன்ற நுட்பமான ஒன்றை அளவு தெரியாத கைகளில் எவ்வாறு ஒப்படைப்பது?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று காட்டியது. இந்நோய் வலியின்றி வேலை செய்யும். கண்ணின் நுண்குழாய்களையும், சிறுநீரகத்தையும், பாதத்தின் நரம்புகளையும் ஓசையின்றி அரிக்கும். இரவில் மீண்டும் மீண்டும் தாகம், அடிக்கடி சிறுநீர், பாத எரிச்சல் ஆகிய மூன்றும் சர்க்கரை கட்டுமீறியிருப்பதற்கு அடையாளம் ஆகலாம். எரிச்சலுக்குப் பின் மரத்துப்போதல் வரும். மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. புண் வந்தாலும் வலிக்காது. அதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை நம் உறவினர் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கின்றோம்.

செய்ய வேண்டியது இதுதான். மருத்துவரை இவ்வாரமே காணுங்கள். இரண்டு திங்கள் மருந்தின்றி இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று திங்கள் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் சிறுநீரகச் சோதனையும் செய்து, எந்த மாத்திரை, எத்தனை என்பதை அவரே முடிவு செய்யட்டும். அலமாரியில் கிடக்கும் பழைய அட்டையைத் தேடியெடுத்துத் தாமாகத் தொடங்கிவிட வேண்டாம். வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல் இருப்பின் நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆவாரம்பூக் குடிநீர் பருகுவதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் சர்க்கரையைக் குறைக்கும் மூலிகைகள் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடக் கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் அதுவே அடையாளம். அவ்வேளையில் உடனே இனிப்பு உட்கொள்ள வேண்டும். அப்போது கருப்பட்டிக்கும் தடையில்லை.

யார் யார் கவனிக்க வேண்டும்

மற்ற இல்லங்களுக்கும் சில குறிப்புகள். அதிமதுரம் இருமலுக்கு இதமானது; ஜோஷாந்தாவிலும் சேரும். நாள்தோறும் பருகினால் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த நோய் உடையவரும் கருவுற்றவரும் அதனை விலக்க வேண்டும். கருவுற்றவர்களுக்குக் குமட்டல் தணிய இஞ்சி சிறிதளவு உதவும் என்று ஆய்வுகள் காட்டினாலும், வேறு மூலிகை எதனையும் மகப்பேறு மருத்துவரைக் கேளாமல் பருகக் கூடாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக் கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். தேனில் நிவாரணம் உண்டென்று திருமறை அறிவிப்பது நமக்குத் தெரியும். பாலுண்ணும் குழந்தைக்கு அதன் காலம் இன்னும் வரவில்லை.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் இஞ்சி, இலவங்கப்பட்டை முதலியவற்றை மிகுதியாகச் சேர்க்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். பட்டை வாங்கும்போது ஒடித்துப் பாருங்கள். இலங்கைக் கறுவாப்பட்டை தாள்கள் பல சேர்த்துச் சுருட்டியது போல மெல்லியதாக இருக்கும். மலிவாகக் கிடைக்கும் கேசியாப் பட்டை ஒரே தடித்த தோலாக இருக்கும். இரண்டாவதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் அதிகமாகப் பருகுவது கல்லீரலுக்கு ஆகாது. குழம்புக்குப் போடும் அளவால் கேடில்லை.

2012இல் டெங்குக் காய்ச்சலின்போது நிலவேம்புக் குடிநீரையும், 2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரையும் தமிழ்நாட்டு அரசு மக்களுக்கு வழங்கிற்று. இவை முறையே ஒன்பதும் பதினைந்தும் சரக்குகள் சேர்ந்த சித்த மருந்துகள். தேநீருக்கு மாற்றாக ஆண்டு முழுவதும் பருகத் தக்கவையல்ல. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர்கள் அனுபவித்துத்தான் சொன்னார்கள். முறையான மூலிகை மருத்துவம் வேண்டுவோர்க்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. அங்குள்ள மருத்துவர்கள் சோதனைத் தாளைப் பார்த்த பின்னரே மருந்து தருவார்கள்.

செய்தி அனுப்புவோருக்கு

கைப்பேசியில் வந்த அச்செய்தியை மாமிக்கு அனுப்பியவரும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்திலமைந்த ஹதீஸ் அபூதாவூத் முதலிய நூல்களில் உள்ளது. ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்னும் சமாதானம் மறுமையில் எடுபடுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடல் இறைவன் நம்மிடம் தந்த அமானிதம். பிறர் உடலும் அமானிதமே.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு சொல். தாங்கள் மாமியிடம் வாதாட வேண்டாம். மருத்துவரிடம் போகும் நாளில் உடன் செல்லுங்கள்; தங்கள் கணவரையும் தொலைபேசியில் அன்றைய நாள் பேசச் சொல்லுங்கள். மகனின் குரலுக்கு இளகாத தாய் இல்லை. மருத்துவர் தடை சொல்லாவிடின் ஆவாரம்பூக் குடிநீரைத் தாங்களே அளவாக, இனிப்பில்லாமல் போட்டுக் கொடுங்கள். உணவு முடிந்து மாத்திரை வேளை வரும்போது, மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் தாங்களே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருங்கள். தம் குவளையை மதித்த மருமகளின் மாத்திரையை எந்த மாமியும் மறுக்கமாட்டார்.

மாமி அவர்களே, தங்கள் பேரப்பிள்ளைகளின் திருமணத்தில் தாங்கள் தங்கள் கால்களாலேயே நடந்து வர வேண்டுமென்பது என் துஆ. அந்நாளின் விருந்துக்குப் பின் சுக்கு மல்லிக் காப்பி போடும் பொறுப்பும் தங்களுடையதாகவே இருக்கட்டும். நோயுற்றோர் யாவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.